ஒரு கிலோ அண்டிப்பருப்பு: வளர்ச்சியும் சமூகநீதியும் சேர்ந்து போவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருக்கும் எங்கள் சித்தி முப்பது வருஷத்துக்கு மேல் அண்டி ஆபீசுக்குப் போனவர். முந்திரி ஆலையை எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வோம். விடியுமுன் சோறு பொங்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ரோட்டோரமாக நடந்து போவார்கள். சித்திக்கு அண்டி தல்லுகிற வேலை. வறுத்த கொட்டையை இடது கையால் கல்லின்மேல் பிடித்து, வலது கையில் இருக்கும் கட்டையால் ஒரே தட்டு. ஓடு பிளக்க வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பு உடையக் கூடாது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் விரல்களில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். பூசினாலும் விரல்நுனி கறுத்துத்தான் போகும். சின்ன வயதில் சித்தியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேன். அந்த விரல்நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

“மக்களே, முழுசா வந்தாத்தான் சக்கரம். நொறுங்கிப்போனா அவங்களுக்கும் நட்டம், நமக்கும் நட்டம்” என்பார். திருவிதாங்கூர் நாணயத்தின் பெயர் எங்கள் பக்கம் இன்னும் பணத்துக்குப் பெயராக நிற்கிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் நாகர்கோவிலில் பி.ஏ. பொருளியல் படிக்கிறான். “வளரும் நாடுகள் பொருளாதார வளர்ச்சியையும் சமூகநீதியையும் எப்படிச் சமன்செய்கின்றன?” என்று பத்து மதிப்பெண் கேள்வி வருமாம். பாடப்புத்தகத்தைப் படித்தும் பிடிபடவில்லை என்று வந்தான். சித்தியின் அண்டிக்கொட்டையை வைத்துச் சொன்னேன், அவனுக்கு விளங்கியது. அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வளர்ச்சி. ஒரு நாட்டில் ஒரு வருஷத்தில் உண்டான பொருள்கள், செய்த சேவைகள் எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் வருவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. அண்டி ஆபீசின் பருப்பு, மார்த்தாண்டம் தேன், குளச்சலில் ஏலம் போன மீன், நாகர்கோவில் டாக்டர் வாங்கிய பீஸ் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விலையேற்றத்தைக் கழித்துவிட்டு, போன வருஷத்தைவிட இந்தத் தொகை எவ்வளவு கூடியது என்று பார்ப்பதுதான் வளர்ச்சி விகிதம். வருஷத்துக்கு 7 சதவீதம் கூடிக்கொண்டே போனால் சுமார் பத்து வருஷத்தில் அது இரண்டு மடங்காகும். 3.5 சதவீதம் என்றால் இருபது வருஷம் பிடிக்கும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்து படித்து முடித்து வேலைக்குப் போகும் காலம் அது. சித்தி விடியுமுன் பொங்கிய சோறு மட்டும் இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அந்தச் சோறு இல்லாமல் அண்டி ஆபீசில் ஒரு நாள் வேலையும் நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வளர்ச்சி என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்துப் பேர் வீட்டில் நான்கு பேருக்குத்தான் சோறு வெந்திருக்கிறது என்றால், எவ்வளவு நேர்மையாகப் பரிமாறினாலும் எல்லோரும் அரைவயிற்றோடுதான் எழுந்திருக்க வேண்டும். ஏழை நாட்டு அரசிடம் பள்ளிக்கூடம் கட்டவும் மருந்து வாங்கவும் வரிப்பணம் இருக்காது. உற்பத்தி பெருகினால்தான் வரி வரும், வேலை வரும், கூலி கேட்டுப் பேசும் தைரியமும் வரும்.

சரி, சமூகநீதி? நம்மில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இடஒதுக்கீடு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அது ஒரு பகுதி. மொத்தத்தில் மூன்று காரியங்கள் இதில் அடங்கும். விளைந்ததில் உழைத்தவருக்கு நியாயமான பங்கு கிடைப்பது ஒன்று. உழைக்கவும் முன்னேறவும் வேண்டிய படிப்பும் உடல்நலமும் எல்லோருக்கும் கிடைப்பது இன்னொன்று. பிறப்பைச் சொல்லி யாரையும் வழியிலும் கிணற்றடியிலும் வாசலிலும் நிறுத்திவைக்காத மரியாதை மூன்றாவது. பொருளியல் புத்தகங்களில் இந்த மூன்றாவது கடைசிப் பக்கத்தில் வரும், சிலவற்றில் வரவே வராது. எங்கள் மாவட்டத்தில் போராட்டம் தொடங்கியதே அங்கிருந்துதான்.

இரண்டு நூற்றாண்டுக்கு முன் இந்த மண் தென் திருவிதாங்கூர். பனையேறிப் பிழைத்தவர்களிடம் தலைவரி உட்பட என்னென்னவோ பெயரில் வரி பிடுங்கினார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளில் சீலை போடக்கூட உரிமை இல்லை. பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்றுதான் அரசு இறங்கி வந்தது. அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் மொள்ளச் செய்தார். அந்த முத்திரிக்கிணற்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று.

இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது என்று தம்பி கேட்டான். பொதுவழியில் நடக்கவே தடை என்றால் கருப்பட்டியை எந்தச் சந்தைக்குச் சுமந்து போய் விற்பது? சம்பாதித்ததை வரியாகப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளையை எப்படிப் படிக்கவைப்பது? சாதி செய்தது அவமானம் மட்டுமில்லை, உழைப்பும் மூளையும் உள்ள பெருங்கூட்டத்தைச் சந்தைக்கும் பள்ளிக்கும் வெளியே பூட்டிவைத்தது. அந்தப் பூட்டு திறந்த இடங்களில் காசும் நடமாட ஆரம்பித்தது. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்கள் இருந்தார்கள். வருமானமும் விடுதலையும் ஒரே ஊசிமுனையில் வந்தன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் ஆணையிட்டார். 1838இல் நெய்யூரில் மருத்துவமனை வந்தது. ஊருக்கு ஊர் பள்ளிகள் வந்தன. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். நாங்கள் பணக்காரர் ஆனபிறகு பள்ளிக்கூடம் கட்டவில்லை. பள்ளிக்கூடம் வந்து இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகுதான் மாடிவீடுகள் வந்தன. 1998இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: படிப்பும் உடல்நலமும் வளர்ச்சி முடிந்தபிறகு கிடைக்கும் பரிசு அல்ல, வளர்ச்சிக்கே வேண்டிய விதைநெல்.

“அப்படியானால் நீதியைக் கொடுத்தால் போதும், வளர்ச்சி தானாக வருமா?” என்றான் தம்பி. வராது. இங்கேதான் மறுபடியும் அண்டி ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது.

முந்திரித் தொழிலின் பழைய தலைநகரம் கொல்லம். அங்கே பெண் தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள், கேரள அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. நியாயமான வெற்றி. ஆனால் 1960களிலும் 70களிலும் முதலாளிகள் பலர் களியக்காவிளை எல்லையைத் தாண்டி எங்கள் மாவட்டத்தில் ஆலை வைத்தார்கள். காரணம் கூலி இங்கே குறைவு. கொல்லத்துப் பெண்ணுக்கு வேலை போனது, எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. சித்திக்கு வேலை கிடைத்த கதையின் மறுபாதி இது. மூடிய ஆலைகளை நடத்தக் கேரள அரசு 1969இல் ஒரு முந்திரி வளர்ச்சிக் கழகத்தையே தொடங்கியது. ஆனாலும் கொல்லம் பக்கத்து ஆலைகள் பல, வருஷத்தில் நிறைய நாள் பூட்டிக் கிடந்தன.

இந்தக் கதையைக் காட்டி ‘கூலியை உயர்த்தினால் தொழில் ஓடிப்போகும், அதனால் உயர்த்தாதே’ என்று முடிவுகட்டுவோர் உண்டு. எனக்குக் கிடைக்கும் பாடம் வேறு. எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு கூலி, அந்தப்பக்கம் ஒரு கூலி என்று இருக்கும்வரை ஓடுவதற்கு இடம் இருக்கும். ஓடி ஒளிய முடியாதபடி அடித்தளக் கூலி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், குறைந்த கூலியைக் காட்டிப் போட்டி போட முடியாது. நல்ல இயந்திரம், நல்ல கொள்முதல், குறைந்த சேதாரம் என்று வேறு வழிகளில்தான் போட்டி போட வேண்டிவரும். நீதி, தொழிலைச் சாமர்த்தியமாக நடத்தச் சொல்லி வற்புறுத்துகிறது.

கைக்கூலி மலிவாகக் கிடைத்ததால் இங்கே பலரும் இயந்திரத்தைப் பற்றி நெடுநாள் கவலைப்படவில்லை. வியட்நாமில் தல்லுவதற்கும் தோல் உரிப்பதற்கும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். 2006 வாக்கில் முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியும் போனார்கள். அந்த நாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போரில் நொறுங்கிக் கிடந்த தேசம். 1986இல் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியபின், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்கு ஓரளவு சமமாகப் பிரித்துக்கொடுத்தார்கள். எழுத்தறிவு அதற்கு முன்பே பரவியிருந்தது. அந்த அடித்தளத்தின்மேல்தான் சந்தையைத் திறந்தார்கள். 1993இல் மக்களில் 58 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். 2008இல் அது 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கையில் நிலமும் எழுத்தும் இருந்ததால் வளர்ச்சி வந்தபோது ஏழையும் அதில் ஏறிக்கொள்ள முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை தான்சானியாவில் நடந்தது. எங்கள் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகப் பச்சைக்கொட்டை வந்த நாடுகளில் அதுவும் ஒன்று. அதிபர் ஜூலியஸ் நைரேரே நேர்மையானவர், எளியவர்களுக்காகவே ஆட்சி செய்ய நினைத்தவர். 1967இல் சமத்துவக் கொள்கையை அறிவித்தார். பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் பெருகின, எழுத்தறிவு நன்றாக உயர்ந்தது. ஆனால் 1970களில் விவசாயிகளைக் கட்டாயப்படுத்திப் புதிய கிராமங்களுக்குக் குடியேற்றினார்கள். மரம் ஓரிடத்தில், மனிதர் வேறிடத்தில். கொள்முதல் வாரியம் கொடுத்த விலையும் குறைவு, மரங்களில் நோயும் விழுந்தது. 1970களின் தொடக்கத்தில் 1,40,000 டன்னுக்கு மேல் விளைந்த முந்திரி, 1980களின் நடுவில் 20,000 டன்னுக்கும் கீழே போனது. நல்ல நோக்கம் இருந்தும், விளைவிக்கிறவரைக் கேட்காமலும் அவருக்கு உரிய விலை கொடுக்காமலும் போனதால் பங்கிட ஒன்றும் மிஞ்சவில்லை.

முந்திரி மரத்தின் சொந்த ஊர் பிரேசில். போர்த்துகீசியர் கொண்டுவந்ததால்தான் மலையாளத்தில் இதற்குப் பறங்கியண்டி என்று பெயர். அந்தப் பிரேசிலில் 1968 முதல் 1973 வரை வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் வளர்ச்சி இருந்தது. ‘முதலில் கேக் உப்பட்டும், அப்புறம் பங்கு போடலாம்’ என்பது அன்றைய ராணுவ ஆட்சியின் வாதம். கேக் உப்பியது, பங்கு போடும் நாள் வரவில்லை. உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிக அதிகமான நாடுகளில் ஒன்றாகப் பிரேசில் ஆனது. 2003இல்தான் ‘போல்சா ஃபமிலியா’ திட்டம் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, தடுப்பூசி போட்டால் ஏழைக் குடும்பத்துக்கு, பெரும்பாலும் தாயின் பெயரில், மாதாமாதம் பணம். நாட்டு வருமானத்தில் அரை சதவீத அளவு செலவில் கோடிக்கணக்கானவர்களுக்கு அது கைகொடுத்தது. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர், வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடும், பிற்பாடு குறையும் என்று 1955இல் ஒரு கருத்தை வைத்தார். தேர்வில் இதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆனால் அது தானாக நடக்கும் இயற்கை விதி மாதிரி எழுதிவிடாதே என்று தம்பியிடம் சொன்னேன்.

அரசின் கையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும் ஏறுமுக வரி, இலவசக் கல்வி, ரேஷன், குறைந்தபட்சக் கூலி, நிலச்சீர்திருத்தம், இடஒதுக்கீடு. தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சோறு சாப்பிட்டுப் படித்தவர்கள்தான் பிற்பாடு இந்த மாநிலத்தின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்து வரி கட்டினார்கள்.

இனி கடற்கரைக்கு வருவோம். மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல் என்பதால் தடையும் இரண்டு: கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த வருஷத்து உற்பத்திக் கணக்கை மட்டும் பார்த்தால் தடை ஒரு இழப்பு. ஆனால் வலை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டால், கரையோரம் வள்ளத்தில் போகும் சின்ன மீனவருக்கு அடுத்த வருஷம் என்ன மிஞ்சும்? அந்த இரண்டு மாதம் மீனவர் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்று அரசு நிவாரணம் கொடுக்கிறது. அந்தப் பணம் போதாது என்ற குறை நியாயமானது. ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள்: வளர்ச்சி நீடிக்க ஓர் எல்லை, எளியவர் வயிறு காய்ந்துவிடாமலிருக்க ஓர் உதவி, இரண்டும் ஒரே விதியில். புத்தகங்கள் சமநிலை என்று சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தடைக்காலத்தில் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எல்லா விஷயமும் இப்படித் தீர்ந்துவிடுவதில்லை. 2016இல் இனயத்தில் பெரிய சரக்குத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது மாவட்டமே இரண்டாகப் பிரிந்தது. வேலை வரும் என்று ஒரு தரப்பு, கடலும் வீடும் போகும் என்று கடற்கரைக் கிராமங்கள். மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாக நடக்கும் தாதுமணல் தொழிலைப் பற்றியும் இதே வழக்குதான். எனக்கு இரண்டு தரப்பின் கவலையும் புரிகிறது. படித்த பிள்ளை வேலை தேடி வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போகிற வீட்டில், வேலை என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தெரியும். இத்தனை படிப்பு கொடுத்த மாவட்டத்தால் அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலையைக் கொடுக்க முடியவில்லை என்பதும் பெரிய குறைதான்.

ஆனாலும் லாபம் யாருக்குப் போகிறது, நட்டத்தை யார் சுமக்கிறார்கள், சுமக்கப் போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டார்களா என்ற மூன்றையும் கேட்காமல் எந்தத் திட்டத்துக்கும் தலையாட்டக் கூடாது என்பது என் எண்ணம். நிலம் எடுப்பதற்கான 2013ஆம் வருஷச் சட்டமே இதை ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதவீதம் பேரும் சம்மதிக்க வேண்டும். சமூகத் தாக்கத்தை முதலில் ஆராய வேண்டும். ஆனால் மீனவருக்குக் கடலில் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாக அவர் பிழைக்கும் இடம் எந்தப் பத்திரத்திலும் அவர் பெயரில் இல்லை. நிலத்தை வைத்து எழுதிய சட்டத்தில் அவர் எங்கே நிற்பார்? இதற்கு இன்னும் சரியான பதில் நம்மிடம் இல்லை, தேட வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வாரக்கணக்கில் கடலில் தங்கி மீன் கொண்டுவருகிறவர்கள் அவர்கள். அவர்கள் பிடித்த மீன் நாட்டின் ஏற்றுமதிக் கணக்கில் வருஷாவருஷம் தவறாமல் ஏறியது. அவர்கள் உயிரைக் காக்கும் ஒரு செய்தி மட்டும் அந்தத் தூரத்துக்குப் போகவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை தளர்கிறது.

சித்தி வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. தொடக்கத்தில் வேலை பார்த்த ஆலையில் பல வருஷங்களுக்குப் பெயரே பதிவில்லை. பிற்பாடு பதிவான காலத்தை வைத்துத்தான் பி.எஃப். ஓய்வூதியம் கணக்கானது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை, மாதம் 1,000 ரூபாய், அதுதான் அவருக்கு வருகிறது. நாகர்கோவில் கடையில் நல்ல முழுப்பருப்பு ஒரு கிலோ ஏறக்குறைய அந்த விலைதான். நடுத்தரமான 320 ரகம் (ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை) என்றால் ஒரு கிலோவுக்கு எழுநூறு பருப்பு நிற்கும். எழுநூறு தட்டு.

அந்த ஓய்வூதியம் தொடர வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். போன தடவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கருவியில் இடது பெருவிரலை வைத்தார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். “அந்தக் கை அண்டி பிடிச்ச கையாக்கும் மக்களே, அதுல ஒண்ணும் தெரியாது” என்று சித்தி வலது கையை நீட்டினார். கட்டை பிடித்த அந்தக் கையின் மோதிர விரலில்தான் கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது.